முதலில் திரும்பும் நேரம், அப்புறம்தான் உச்சி! - நார்வே ஃபியோர்டு மலைகளில் ஓர் இலையுதிர்கால வீக் எண்டு

செப்டம்பர் கடைசி வார இறுதியில், நார்வேயின் ஸ்டவாங்கர் நகரத்தில் சூரியன் காலை ஏழரை மணிக்கு உதிக்கிறது. மாலை ஏழு இருபது வாக்கில் மறைகிறது. கிட்டத்தட்ட 12 மணி நேர வெளிச்சம். மலை ஏறி இறங்க இது தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால், அந்த வாரங்களில் ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிட வெளிச்சம் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். அக்டோபர் நடுவில் பத்தேகால் மணி நேரம்தான் மிஞ்சும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதன்பிறகு மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஜூலையில் அதே மலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சத்தில் இறங்கி வந்தவர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு, அக்டோபருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

அதற்காக இலையுதிர்காலத்தில் போகவே கூடாதா? அப்படி இல்லை. விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால், போவதற்கு அருமையான நேரமே அதுதான் என்பார்கள். கோடைக்கூட்டம் வடிந்திருக்கும். பிர்ச் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். தரையோடு படர்ந்த புளூபெர்ரிச் செடிகள் குங்குமச் சிவப்பில் மலைச்சரிவு முழுக்கப் பரவியிருக்கும். மழை நின்ற அரை மணி நேரத்தில் விழும் வெயிலுக்குக் கோடையில் பார்க்க முடியாத நிறம் உண்டு. இதையெல்லாம் இரண்டு நாளில் பத்திரமாகப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்றால், திட்டத்தைக் கொஞ்சம் தலைகீழாகப் போட வேண்டும். அவ்வளவுதான்.

ஒரே ஃபியோர்டு, மூன்று மலைகள்

பனியுகத்தில் பனிப்பாறைகள் மலைகளுக்கு நடுவே நகர்ந்து, நகர்ந்து, ஆழமான பள்ளங்களைக் குடைந்தன. பனி உருகியதும் அந்தப் பள்ளங்களில் கடல் புகுந்தது. அதுதான் ஃபியோர்டு. நார்வேயின் மேற்குக் கரை முழுக்க இப்படித்தான் கிழிந்து கிடக்கிறது. மிக நீளமான சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் நுழைகிறது. இரண்டு நாளில் அதையெல்லாம் சுற்றிவர நினைத்தால், கார் ஜன்னலைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்காது.

வார இறுதிக்குக் கச்சிதமானது லீசெ ஃபியோர்டு. ஸ்டவாங்கருக்குப் பக்கத்தில், 42 கிலோமீட்டர் நீளம். 'லீசெ' என்றால் வெளிச்சமானது என்று பொருள். இருபுறமும் நிற்கும் வெளிர்நிற கிரானைட் சுவர்களால் வந்த பெயர். கடலோடு சேரும் வாசலில் சில மீட்டர்தான் ஆழம். உள்ளே போனால் 400 மீட்டருக்கு மேல். இந்த ஒரே ஃபியோர்டின் கரையில்தான் பிரைக்கெஸ்டூலன், ஷெராக், ஃப்ளோர்லி என மூன்று பிரபலமான ஏற்றங்கள் இருக்கின்றன. ஒன்று சுலபம், ஒன்று கடினம், ஒன்று விநோதம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். நார்வே ஐரோப்பிய யூனியனில் இல்லை என்றாலும் ஷெங்கனில் இருக்கிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஓஸ்லோவிலிருந்து ஸ்டவாங்கருக்கு விமானமும் உண்டு, சுமார் எட்டு மணி நேர ரயிலும் உண்டு. ஈழத்திலிருந்து போய்ப் பல பத்தாண்டுகளாக நார்வேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் உறவினர் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. 40 அல்லது 41-வது வாரத்தில் அங்கே பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை. பிள்ளைகள் வயலில் உருளைக்கிழங்கு தோண்டப் போன காலத்தில் வந்த வழக்கம் என்பதால், 'உருளைக்கிழங்கு லீவு' என்ற பழைய பெயரும் அதற்கு உண்டு. இப்போது கிழங்கு தோண்டுகிறவர்கள் குறைவு, மலைக்குப் போகிறவர்கள் அதிகம்.

கிழமையைக் கடைசியில் குறிக்கலாம்

பெரும்பாலானோர் செய்வது இதுதான்: சனிக்கிழமை பிரைக்கெஸ்டூலன், ஞாயிற்றுக்கிழமை ஷெராக் என்று மூன்று மாதம் முன்பே எழுதிவைத்து, பஸ்ஸையும் புக் செய்துவிடுவது. கோடையில் இது ஓரளவு பலிக்கும். இலையுதிர்காலத்தில் அட்லான்டிக் கடலிலிருந்து வரிசையாக வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் முதலில் மோதுவது இந்தக் கரையில்தான். ஈரக்காற்று மலைச்சுவரில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டும். இதே மேற்குக் கரையில் இருக்கும் பெர்கன் நகரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஸ்டவாங்கரில் அந்த அளவு இல்லை. ஆனால், குடை இல்லாமல் சமாளிக்கலாம் என்று நினைப்பது பேராசை.

எனவே மலைகளை மட்டும் முன்பே தேர்ந்தெடுத்து, கிழமையை வெள்ளிக்கிழமை இரவு முடிவு செய்வது நல்லது. நார்வே வானிலை நிறுவனமும் அந்நாட்டு அரசு ஒளிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் 'யர்' என்ற இலவச ஆப், மலை உச்சியின் பெயரைப் போட்டாலே மணிக்கு மணி கணிப்பைக் காட்டும். இரண்டு நாளில் நல்ல நாள் ஷெராக்குக்கு. சுமாரான நாள் பிரைக்கெஸ்டூலனுக்கு. இரண்டுமே மோசம் என்றால் இரண்டும் வேண்டாம். அதற்கும் ஒரு மாற்று இருக்கிறது, பின்னால் வரும்.

அந்த ஆப்பில் பலர் கவனிக்காமல் விடுவது காற்றின் வேகத்தை. நார்வேயில் அதை நொடிக்கு எத்தனை மீட்டர் என்றுதான் சொல்வார்கள். '10' என்று பார்த்துவிட்டு, பத்து கிலோமீட்டர் வேகம்தானே என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அது மணிக்கு 36 கிலோமீட்டர். கைப்பிடிச் சுவரே இல்லாத ஒரு பாறை விளிம்பில் அந்தக் காற்று என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ அரை டிகிரிக்கு மேல் குறையும். ஸ்டவாங்கர் துறைமுகத்தில் 10 டிகிரி என்றால், ஆயிரம் மீட்டர் உயர ஷெராக்கில் 4 டிகிரி. அதோடு மழையும் காற்றும் சேர்ந்தால் உடம்பு உணர்வது பூஜ்யத்துக்குக் கீழே.

ஏழு அண்ணன் தம்பிகளும் ஒரு பாறையும்

பிரைக்கெஸ்டூலன் என்றால் பிரசங்க மேடை. ஃபியோர்டிலிருந்து 604 மீட்டர் உயரத்தில், சுமார் 25 மீட்டருக்கு 25 மீட்டர் அளவில், ரம்பத்தால் அறுத்ததுபோல நிற்கும் சதுரப் பாறை. உள்ளூர்க்காரர்கள் இதைப் பழைய நாளில் அழைத்தது வேறு பெயரில், தச்சரின் இழைப்புளிப் பல் என்ற அர்த்தத்தில். படகிலிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்தப் பெயர்தான் பொருத்தம்.

பாறையின் பின்பக்கத்தில் ஒரு விரிசல் ஓடுகிறது. புவியியலாளர்கள் அளந்து பார்த்து, இப்போதைக்கு ஆபத்தில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஊர்க்கதை வேறு மாதிரி. லீசெ ஃபியோர்டுப் பகுதியைச் சேர்ந்த ஏழு சகோதரிகளை ஏழு சகோதரர்கள் திருமணம் செய்யும் நாளில் இந்தப் பாறை இடிந்து விழுமாம். குடும்பங்கள் சின்னதாகிவிட்ட இந்தக் காலத்தில் பாறைக்கு நல்ல ஆயுசு என்று நம்பலாம்.

ஸ்டவாங்கரிலிருந்து மலையடிவாரத்துக்குக் காரில் முக்கால் மணி நேரம். முன்பெல்லாம் படகில் கடந்து போக வேண்டும். 2019 டிசம்பர் கடைசியில் திறந்த ரீஃபில்கெ சுரங்கச்சாலை, கடலுக்கு அடியில் 14 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மறுகரையில் கொண்டுபோய் விடுகிறது. அதன் ஆழமான இடம் கடல்மட்டத்துக்கு 292 மீட்டர் கீழே. காரை நிறுத்தக் கட்டணம் உண்டு. மலை ஏற எந்தக் கட்டணமும் இல்லை. காட்டிலும் மலையிலும் யாரும் நடக்கலாம், பெர்ரி பறிக்கலாம் என்ற உரிமையை 1957-ல் சட்டமாகவே எழுதிவைத்த நாடு அது.

போக 4 கிலோமீட்டர், வர 4 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நான்கு முதல் ஐந்து மணி நேரம். செங்குத்தான இடங்களில் பெரிய பெரிய கற்களைப் படிகளாக அடுக்கியிருக்கிறார்கள். அடுக்கியவர்கள் நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள். இமயமலையில் தலைமுறை தலைமுறையாகக் கல்பாதை போட்ட கைகள், நார்வேயின் பல மலைப்பாதைகளில் வேலை செய்திருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் மிதிக்கும் இந்தப் பாதை இன்னும் சேறாகாமல் இருப்பதற்கு அவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஓரளவு நடைப்பழக்கம் உள்ள அறுபது வயதுக்காரரும், பத்து வயதுப் பிள்ளையும் போய்வரக்கூடிய ஏற்றம் இது. ஆனால், கடைசிப் பகுதி செங்குத்துப் பாறையின் விளிம்பை ஒட்டியே போகிறது. கம்பி, வேலி எதுவும் கிடையாது. இயற்கையை அப்படியே விடுவது அங்கே கொள்கை. அந்த இடத்தில் பிள்ளையின் கை பெரியவர் கையில் இருக்க வேண்டும், செல்போன் பையில் இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்குகிறவர்களுக்கு நேரம் ஒரு பிரச்னையே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் அடிவாரம் வந்து சேர்கிறவர்கள்தான் அக்டோபரில் இருட்டில் கற்படி தேடுகிறார்கள்.

984 மீட்டர் அந்தரத்தில் ஒரு போட்டோ

ஷெராக் முற்றிலும் வேறு கதை. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே இருக்கும் பிளவில், ஒரு உருண்டைக் கல் சிக்கி நிற்கிறது. கன அளவு ஐந்து கன மீட்டர். கீழே, 984 மீட்டர் ஆழத்தில் ஃபியோர்டு. அந்தக் கல்லின்மேல் ஏறி நின்று எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் பார்க்காதவர்கள் குறைவு. படத்தில் தெரியாதது, அங்கே போய்ச் சேரும் வழி.

ஸ்டவாங்கரிலிருந்து மலைவழியாகக் காரில் இரண்டரை மணி நேரம். நடை தொடங்கும் இடத்தின் உயரமே 640 மீட்டர். அங்கிருந்து கீழே ஃபியோர்டின் கடைக்கோடியில் இருக்கும் லீசெபொட்ன் கிராமத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு சாலை இறங்குகிறது. நீர்மின் நிலையத்துக்காகப் போட்ட சாலை. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். நடைப்பாதை போக வர சுமார் 11 கிலோமீட்டர். தூரம் பயமுறுத்தாது. ஆனால் மூன்று செங்குத்து ஏற்றங்கள், நடுவில் இரண்டு இறக்கங்கள். வழுவழு கிரானைட் சரிவுகளில் இரும்புச் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். இறங்கும்போதும் அதே சங்கிலிதான். திரும்பி வரும்போது அந்த இரண்டு இறக்கங்களும் ஏற்றங்களாகிவிடும் என்பதைப் பலர் கால் ஓய்ந்த பிறகுதான் உணர்கிறார்கள்.

ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். வழிகாட்டி இல்லாமல் போக ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ஏற்ற காலம். செப்டம்பர் கடைசி வார இறுதி என்பது அந்தக் கதவு சாத்தப்படும் தருணம். அக்டோபரில் ஒரு இரவு உறைபனி விழுந்தால் போதும், ஈரக் கிரானைட் கண்ணாடியாகிவிடும்.

திரும்பும் நேரத்தை முதலில் குறிப்பது இங்கேதான் உயிர் காக்கும். கணக்கு இப்படிப் போகும்: சூரியன் மறைவது மாலை ஏழு இருபது. கடைசியில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தைக் கையிருப்பாக ஒதுக்கிவிட வேண்டும். கால் பிசகலாம், மூடுபனி இறங்கலாம், உடன் வந்தவர் சோர்ந்துபோகலாம். ஆக, ஐந்தரைக்குக் கார் அருகில் நிற்க வேண்டும். ஈரமான சரிவில் இறங்க, ஏறிய அளவுக்கே நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, மெதுவாக நடக்கும் குழுவுக்கு நான்கு மணி நேரம் எனக் கழித்தால் ஒன்றரை மணி. காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய குழு, மதியம் ஒன்றரைக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். கல் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, பத்து நிமிட தூரம்தான் என்று எதிரில் வருகிறவர் ஆசை காட்டினாலும் சரி.

இந்த நேரத்தை மலைமேல் வைத்து முடிவு செய்ய முடியாது. விசாவுக்கு அலைந்து, லட்சக்கணக்கில் செலவழித்து வந்தவருக்கு, பத்து நிமிடத்தில் கல் இருக்கும்போது திரும்ப மனசு வராது. அதனால்தான் முந்தைய இரவே, சூடான அறையில் உட்கார்ந்து, குழுவில் எல்லோருக்கும் சொல்லி, போனில் அலாரம் வைத்துவிட வேண்டும். தூறல் விழுந்துகொண்டிருந்தால் அந்தக் கல்மேல் ஏறவே கூடாது. பக்கத்தில் நின்று பார்த்தாலும் அது அதே கல்தான்.

நார்வேக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பல உயிர்கள் போன பிறகு, மலையேற்றச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 'மலை விதிகள்' என்ற பட்டியலை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தன. மொத்தம் ஒன்பது. காலம் தவறாமல் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் ஏதும் இல்லை என்கிறது எட்டாவது விதி. மலைக்குப் போகிறவர் பையில் தவறாமல் இருக்கும் 'க்விக் லுன்ஷ்' சாக்லேட்டின் உறையிலேயே இந்த விதிகளை அச்சடித்தார்கள். சாக்லேட் சாப்பிடும் வயதில் படித்தது மறக்காது போலிருக்கிறது. உச்சிக்கு அரை கிலோமீட்டர் முன்னால் வானத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி நடக்கும் உள்ளூர்க் குடும்பங்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

மூன்றாவது மலையான ஃப்ளோர்லிக்குச் சாலையே கிடையாது. படகில்தான் போக வேண்டும். பழைய நீர்மின் நிலையக் குழாயை ஒட்டி 4,444 மரப்படிகள், 740 மீட்டர் உயரத்துக்கு நேராக ஏறுகின்றன. படியில் ஏறி, வேறு மலைப்பாதை வழியாக இறங்குவதுதான் முறை. காய்ந்த நாளில் அற்புதம். மழையில் நனைந்த மரப்படி வழுக்கும். இலையுதிர்காலத்தில் படகுகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடும், கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். முதல்முறை போகிறவர்கள் இதை அடுத்த கோடைக்கு ஒத்திவைப்பதே மேல்.

பருத்திக்கு இடமில்லை

பையில் என்ன வேண்டும் என்பதைவிட, எது வேண்டாம் என்பது முக்கியம். ஜீன்ஸ், பருத்தி டி-ஷர்ட், பருத்தி உள்ளாடை எதுவும் மலைக்கு வேண்டாம். வெயில் ஊரில் உயிரைக் காக்கும் பருத்தி, அங்கே நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, நடுவில் ஒரு ஸ்வெட்டர், மேலே மழையும் காற்றும் புகாத ஜாக்கெட், பேன்ட். பிடிப்புள்ள ஷூ. மாற்றுக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, கையுறை, குல்லா. ஹெட்லாம்ப் இல்லாமல் செப்டம்பருக்குப் பிறகு யாரும் மலைக்குப் போகக் கூடாது. போனின் டார்ச் போதும் என்பவர்கள், குளிரில் பேட்டரி எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை அனுபவித்ததில்லை. பவர் பேங்க்கை ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். மேப்பை முன்பே டவுன்லோடு செய்துகொள்வது நல்லது.

மத்தியானச் சாப்பாடு அங்கே எல்லோருக்கும் ஒன்றுதான்: வீட்டிலிருந்து காகிதத்தில் சுற்றி எடுத்துவரும் ரொட்டித் துண்டுகள். உள்ளே பழுப்பு நிறச் சீஸ், முட்டை, ஏதோ ஒன்று. கூடவே பிளாஸ்க்கில் காபி. ஊர்ப் பாசத்தில் புளிசாதம் கட்டிக்கொண்டு போனால், 4 டிகிரியில் அது விறைத்துக் கட்டியாகிவிடும். சப்பாத்தி ரோல் தேவலாம்.

அவசரம் என்றால் 112. மருத்துவ உதவிக்கு 113. 'யெல்ப் 113' என்ற ஆப்பைப் போட்டுவைத்திருந்தால், அழைக்கும்போதே இருக்குமிடத்தை அனுப்பிவிடும். நார்வேயில் மீட்புப் பணிக்குக் காசு வாங்குவதில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் செஞ்சிலுவைச் சங்கத் தன்னார்வலர்கள், அதாவது தங்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வருகிறவர்கள். அடர்ந்த மூடுபனியில் ஹெலிகாப்டரால் நெருங்க முடியாது, அவர்கள் நடந்துதான் வர வேண்டும்.

இரண்டு நாளும் மழை என்றால்?

ஸ்டவாங்கருக்குத் தெற்கே சான்ட்னஸ் பக்கத்தில் டால்ஸ்னூட்டன் என்ற குன்று இருக்கிறது. 320 மீட்டர் சொச்சம் உயரம். ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம், மழை விட்ட இடைவெளியில்கூட. மேலே நின்றால் ஊர், கடல், ஃபியோர்டின் கிளை எல்லாம் தெரியும். உள்ளூர்க் குடும்பங்கள் ஞாயிறு காலையில் நாய், பாட்டி, கைக்குழந்தை சகிதம் ஏறும் மலை இது. நகரத்தில் முகம் பார்க்காமல் கடந்துபோகிற நார்வேக்காரர்கள், மலைப்பாதையில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் 'ஹை' சொல்வார்கள். அதைக் கேட்கவாவது ஏறலாம்.

அதுவும் முடியாத மழை என்றால், ஸ்டவாங்கரின் பெட்ரோலிய அருங்காட்சியகம் இருக்கிறது. கடலடி எண்ணெய் இந்த மீன்பிடி நாட்டை எப்படி மாற்றியது என்பதை அரை நாள் பார்க்கலாம். துறைமுகத்துக்கு மேலே, வெள்ளை மரவீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பழைய ஸ்டவாங்கர் தெருக்கள் மழையில்தான் அழகு.

இரவுச் சாப்பாட்டுக்கு ஃபோரிகோல் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளை செப்டம்பரில் கீழே ஓட்டி வருவார்கள். எலும்போடு அந்த ஆட்டுக்கறியையும் முட்டைகோஸையும் அடுக்கடுக்காக வைத்து, முழு மிளகு போட்டு, மணிக்கணக்கில் வேகவிடுவதுதான் ஃபோரிகோல். நார்வேயின் தேசிய உணவு. செப்டம்பரின் கடைசி வியாழக்கிழமை அதற்கென்றே ஒரு நாள். அதற்குப் பிறகு வரும் வார இறுதியில் போகிறவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம்: இது சமைத்த அன்றைவிட மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால்தான் ருசி என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.